ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்

கப்பலூர் டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம்
எடை மேடை அறையில்
அம்மா சீட்டு அடிக்கிறாள்.
நான் போனில், கட்டைவிரலால்,
அடித்து அடித்து எழுதுகிறேன்.

விண்ணப்பம் கேட்கிறது:
நீ கடந்து வந்த சோதனை ஒன்று.
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.
நாளை இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குள்.

பெங்களூரிலிருந்து மைதிலி அக்கா
ஞாயிறுதோறும் அழைப்பார்.
என்னைப் போல் முப்பது பேருக்குக்
காசு வாங்காமல் கட்டுரை திருத்துகிறவர். நல்லவர்.
"அப்பா விட்டுட்டுப் போனது
நாலாவது பத்தியில கிடக்கே,
அதை மேலே கொண்டு வா.
படிக்கிறவங்க நிமிர்ந்து உட்காரணும்."

கொண்டு வந்தேன்.
அப்பா முதல் வரியிலேயே போய்விட்டார்.
'போய்விட்டிருந்தார்' தமிழில் ஒரு சொல்.
இங்கிலீஷில் நாலு.

போனவர் சிவகாசிக்குத்தான் போனார்.
தீபாவளிக்கு ஒரு பெட்டி வெடியோடு வருவார்,
தண்ணி மோட்டாருக்கு வாஷர் மாற்றுவார்,
தம்பியின் ரேங்க் கார்டில்
அம்மா போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில்
இன்னொன்று போடுவார்.
மூன்றாம் நாள் பஸ் ஏறுவார்.
இதற்கெல்லாம் சொல் மிச்சமில்லை.
வாஷரை வெட்டினேன். வெடிப்பெட்டியை வெட்டினேன்.
இப்போது வாசித்தால்
உண்மையிலேயே போய்விட்டவர் மாதிரி இருக்கிறார்.

பதினொன்றரைக்குப் பழைய இரும்பு லாரி ஏறியது.
கிளீனர் பையன் சரக்கு மேலேயே படுத்திருந்தான்.
"பையனை இறக்குங்கண்ணே."
"அவன் வெறும் எலும்பு பாண்டீஸ்வரி" என்றார் செபஸ்தியான்.
"எலும்புக்கும் எடை இருக்கு. இறக்குங்க."

நிறை வண்டி, வெற்று வண்டி,
கழித்தால் சரக்கு.
அதற்கு மேல் அம்மா
யாரைப் பற்றியும் எதுவும் கேட்பதில்லை.

லாரி போன பிறகு
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி நின்றேன்.
இரும்புத் தகட்டில் பகல் வெயில் இன்னும் ஆறவில்லை.
ஜன்னலுக்குள் சிவப்பு எண்கள்
கொஞ்சம் யோசித்து
ஐம்பது என்றன.
பள்ளி மருத்துவ முகாமில் நான் நாற்பத்தாறு.

"அது பத்துப் பத்தாத்தான் எண்ணும்" என்றாள் அம்மா.
"லாரிக்குச் செஞ்சது. உனக்கா செஞ்சான்?"

என்னிடம் இல்லாத நாலு கிலோவோடு
அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

கட்டுரையில் நான் பட்டினி கிடந்த ஒரு ராத்திரி வருகிறது.
அன்றைக்குச் சட்டியில் சோறு இருந்தது.
டூர் அனுப்பவில்லை என்று
கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன்.
தெருவிளக்கில் படித்தேன் என்று ஒரு வரி.
கரண்ட் போனது ஒரே ஒரு பரீட்சைக்கு.
பொய் என்று சொல்ல முடியாது.
பத்துப் பத்தாக எண்ணியிருக்கிறேன்.

அக்காவுக்கு அனுப்பினேன்:
அந்தப் பட்டினி வரியை எடுத்துடவா?
ஒற்றை டிக்கோடு நின்றது. தூங்கியிருப்பார்.

எடுத்தேன்.
தெருவிளக்கையும் அணைத்தேன்.
நானூற்று நாற்பத்தொன்று.
காலியான இடத்தில் முதலில்
வாஷரைத் திரும்ப மாட்டினேன்.
இங்கிலீஷிலும் அது வாஷர்தான்.

உள்ளே போனால் அம்மா முனகிக்கொண்டிருந்தாள்.
நான் நின்றபோது கை பட்டு
சீட்டு ஒன்று அச்சாகிவிட்டதாம்.
காலையில் முதலாளி வரிசை எண்ணை விடாமல் பார்ப்பார்,
கிழித்துப் போடவும் முடியாது.

பெரிய நோட்டைத் திறந்தாள்.
வண்டி எண் கட்டத்தில் ஒரு கோடு.
எடை, ஐம்பது.
சரக்கு என்ற கட்டத்தின் மேல்
பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு
சோதனை என்று எழுதினாள்.

தொகை கட்டத்திலும் ஒரு கோடு.